ஜி.டி. நாயுடு: எதையும் கழற்றிப் பார்த்த கோவைக்காரரும், ரோட்டுக்கு வராத 2,000 ரூபாய் காரும்

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் பிரைவேட் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். உள்ளே கலர் கலராக லைட், டிரைவர் தலைக்கு மேலே ஸ்பீக்கர், இளையராஜா பாட்டு, வெளியே பளபளக்கும் பெயின்ட். கம்பெனியிலிருந்து வரும்போது அது வெறும் சேஸிஸ். இங்கே பாடி கட்டி, லைட் போட்டு, பாட்டு போட்ட பிறகுதான் அது கொங்கு நாட்டு பஸ் ஆகிறது.

வண்டியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஆசை உலகம் முழுக்க உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் 1965-ல் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் பேன்டம் காருக்கு, 1967-ல் மஞ்சள் நிறம் பூசி, மேலே பூவும் சுருளுமாக வரையச் செய்தார். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் தன்னுடைய போர்ஷே காரை ஒரு முழு ஓவியமாகவே மாற்றிவிட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2015-ல் அந்த கார் 17 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

இவை எல்லாம் வண்டியின் வெளிப்பக்கத்தை மாற்றிய கதைகள். கோவையில் ஒருவர் உள்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்து இன்ஜினைக் கற்றுக்கொண்டு, பஸ் ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு காரையே செய்து காட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு.

இன்று அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. தினமும் அதில் போகிறவர்களில் பலருக்கு அவர் பெரிய விஞ்ஞானி, இந்தியாவின் எடிசன் என்கிற அளவில்தான் தெரியும். அவர் உண்மையில் என்ன செய்தார்? அவருடைய கார் ஏன் ரோட்டுக்கு வரவில்லை?

யார் இந்த ஜி.டி. நாயுடு?

முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், சூலூர் பக்கத்தில் இருக்கும் கலங்கல். விவசாயக் குடும்பம். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது. பிற்காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவருக்குக் கையில் ஒரு சான்றிதழும் கிடையாது.

படிப்பு நின்றதே தவிர, வாசிப்பு நிற்கவில்லை. தோட்ட வேலை பார்த்துக்கொண்டே கையில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படித்தார். ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது புத்தகம் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள்.

300 ரூபாய் மோட்டார் சைக்கிள்

அந்தக் காலத்தில் கலங்கல் போன்ற கிராமத்தில் மாட்டு வண்டிதான் வாகனம். அங்கே ஒரு நாள் பிரிட்டிஷ் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த துரைசாமிக்கு அதன் மேல் தீராத ஆசை வந்துவிட்டது.

வாங்கக் காசு இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பி கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியைத் தேடிப் போய் 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கினார்.

நம்மில் பெரும்பாலானவர்கள் புது பைக் வாங்கினால் அன்றைக்கே ஒரு ரவுண்டு போவோம். அவர் அதோடு நிற்கவில்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். எந்தப் பாகம் எதோடு சேர்ந்து இயங்குகிறது என்று பார்த்தார். மறுபடி மாட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, யூடியூப் வீடியோ கிடையாது. தப்பாக மாட்டினால் வண்டி ஓடாது, அவ்வளவுதான் பாடம்.

அவர் வாங்கிய முதல் இன்ஜினும் அதுதான், படித்த முதல் வகுப்பறையும் அதுதான். அந்த ரட்ஜ் வண்டி இன்றைக்கும் கோவையில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பருத்தியில் போட்டது, பஸ்ஸில் எடுத்தது

அடுத்து வந்தது வியாபாரம். முதல் உலகப் போர் நேரத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பருத்தி வியாபாரம் செய்தார். போட்டதெல்லாம் போய், வெறும் கையோடு ஊர் திரும்பினார்.

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபராக இருந்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். இன்று ஸ்டேன்ஸ் பள்ளியின் பெயரில் கோவை மக்களுக்குப் பழக்கமானவர். மோட்டார் பற்றித் தெரிந்த இந்த இளைஞர் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவர் கொடுத்த கடன் உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ரிப்பேர் என்றால் கழற்றிச் சரிசெய்வதும் அவரே.

சில ஆண்டுகளில் அந்த ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்கிற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நாட்டிலேயே திறமையாக நடத்தப்பட்ட பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

பயணிகள் நிற்க இடம், வண்டி வரும் நேரம் தெரிய ஒரு வழி, டிக்கெட் கொடுக்க இயந்திரம் என்று அவர் யோசித்துக்கொண்டே போனார். இன்று நமக்கு இதெல்லாம் சாதாரணம். பயணிகள் சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும் என்றிருந்த காலத்தில், நேரத்துக்கு வண்டி எடுப்பதே பெரிய விஷயம்.

பஸ் தொழில் இன்னொன்றையும் கொடுத்தது. நிறைய வண்டிகள் ஓடினால் தினமும் ஏதாவது ஒன்று பழுதாகும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. பட்டறை வேண்டும், லேத் வேண்டும், கற்றுக்கொண்ட ஆட்கள் வேண்டும். பஸ் கம்பெனிக்கு உள்ளேயே ஒரு தொழிற்கூடமும் வளர்ந்தது.

பட்டறையிலிருந்து வந்தவை

1937-ல் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. இதில் அவருக்குக் கைகொடுத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. பிற்பாடு டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான்.

பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் கோவை இன்றைக்கு நாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு விவசாயிக்கு மோட்டார் என்பது ஆடம்பரம் இல்லை, தண்ணீர். அந்த நீண்ட கதையின் ஆரம்பப் பக்கங்களில் 1937-ம் ஆண்டு இருக்கிறது.

அதன்பின் வந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள். பேட்டரியில் ஓடும் ரஸான்ட் ஷேவிங் ரேசர், மிக மெல்லிய பிளேடு, பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம். 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பெரிய வீடுகளில் மட்டும் இருந்த காலம் அது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அவர் பெரும்பாலும் புதிய அறிவியல் தத்துவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் பொருளைக் கழற்றிப் பார்த்து, இதை இன்னும் எளிதாக, இன்னும் குறைந்த விலையில் செய்ய முடியாதா என்று கேட்டார். விஞ்ஞானி என்பதைவிட, தொழில்நுட்பம் தெரிந்த மெக்கானிக் மூளை என்பதுதான் அவருக்குப் பொருத்தம். ரட்ஜ் வண்டியிடம் அவர் காட்டிய அதே குணம்.

ஹோப் காலேஜ் ஸ்டாப்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர்கள் தினமும் இறங்கும் ஸ்டாப் ஹோப் காலேஜ். அங்கே இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் கல்லூரி எதுவும் இருக்காது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1945-ல் நாயுடுவின் பெரும் பங்களிப்போடு அங்கே பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் வைக்கப்பட்டது. முதல் முதல்வராக இருந்தவர், பள்ளிப் படிப்பையே முடிக்காத ஜி.டி. நாயுடு. அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, இன்று தடாகம் சாலையில் ஜிசிடி என்று அழைக்கப்படும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது.

ஆனால் அவர் அங்கே நிலைக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டு என்பது நேர விரயம், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவரும் இறங்கிவரவில்லை, பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. டிகிரி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டவர்களுக்கு அவர் கேட்டது புரியும். அதே சமயம், கைவேலையோடு கணிதமும் கோட்பாடும் சேர்ந்தால்தான் பெரிய தொழில் நிற்கும் என்கிற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

சரி, அந்த கார் என்ன ஆச்சு?

1952-ல் நாயுடுவின் பட்டறையிலிருந்து இரண்டு பேர் உட்காரக்கூடிய, பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய கார் வெளியே வந்தது. விலை 2,000 ரூபாய்.

இரண்டு சீட் கார் என்றால் இன்று ஸ்போர்ட்ஸ் கார் ஞாபகம் வரும். இது அந்த வகை இல்லை. கார் என்றாலே ஜமீன்தாரும் மில் முதலாளியும் என்றிருந்த ஊரில், நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய ஒரு வண்டி என்பதுதான் யோசனை.

அந்தச் சமயத்தில் உலகமும் இதே திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தது. போரில் நொடிந்த ஐரோப்பாவில் பெரிய கார் வாங்க மக்களிடம் பணமில்லை. பிரான்ஸில் 1948-ல் சிட்ரோயன் 2சிவி வந்தது. 1953-ல் இத்தாலியில் முட்டை வடிவ இசெட்டா வந்தது. முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டுதான் அதில் ஏற வேண்டும். அதே ஆண்டு ஜெர்மனியில், ஒருவர் பின் ஒருவராக இருவர் உட்காரும் மூன்று சக்கர மெசெர்ஷ்மிட் வந்தது. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் எல்லாமே நிஜத் தேவையிலிருந்து பிறந்தவை. அவை சாலைக்கு வந்தன, கோவை கார் வரவில்லை.

காரணம், உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிடைக்கவில்லை.

அனுமதி ஏன் தேவைப்பட்டது?

சுதந்திரத்துக்குப் பிறகு, எந்தத் தொழிலில் யார் எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை மத்திய அரசே முடிவு செய்யும் முறை வந்தது. 1951-ல் தொழில்கள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறி, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள தொழில்களில் புதிய ஆலை தொடங்க லைசென்ஸ் கட்டாயம். பிற்காலத்தில் லைசென்ஸ் ராஜ் என்று பேசப்பட்டது இதைத்தான். நாயுடுவின் கார் வந்ததும் அதே 1952-ல்.

அரசுத் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. இரும்பு பற்றாக்குறை, அந்நியச் செலாவணி பற்றாக்குறை, கார் வாங்கும் மக்களும் கொஞ்சம் பேர். இதில் ஆளாளுக்கு கார் தயாரித்தால் யாருமே நிலைக்க முடியாது என்று நினைத்தது. உள்நாட்டிலேயே படிப்படியாக எல்லாப் பாகங்களையும் தயாரிக்கும் திட்டம் வைத்திருக்கும் சில நிறுவனங்கள் போதும் என்பது கொள்கையானது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள்கூட 1950-களின் நடுவில் இந்தியாவில் கார் அசெம்பிள் செய்வதை நிறுத்திவிட்டன.

மிஞ்சியது கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அடுத்த 30 ஆண்டுகளுக்கு இந்தியர்களின் கார் உலகம் ஏறக்குறைய இவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு கார் எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கார் வந்திருந்தால் ஜெயித்திருக்குமா?

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்வது சுலபம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் ஒரு கார் செய்வது வேறு, ஒரே மாதிரி ஆயிரம் கார் செய்வது வேறு. ஆயிரம் வண்டிக்கு ஒரே அளவில் பாகங்கள் வேண்டும், சப்ளையர்கள் வேண்டும், சர்வீஸ் வேண்டும். அவ்வளவும் சேர்ந்த பிறகும் விலை 2,000 ரூபாயில் நிற்குமா என்பது தயாரித்துப் பார்த்தால்தான் தெரியும். டாடா நானோவைப் பாருங்கள். 1 லட்சம் ரூபாய் கார் என்று 2008-ல் உலகமே வியந்தது. அத்தனை பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும் சந்தையில் அது தடுமாறியது.

ஆக, நாயுடுவின் கார் ஜெயித்திருக்கலாம், தோற்றும் போயிருக்கலாம். இழப்பு அது இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஓடி, பள்ளத்தில் விழுந்து, வாங்கியவரிடம் திட்டு வாங்கி, அடுத்த மாடலில் சரியாகும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை. ரட்ஜ் வண்டியை அவர் தப்பாக மாட்டித் திருத்திக் கற்றுக்கொண்டது போல, ஒரு தொழிலும் அப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு சின்ன கார் என்கிற அதே யோசனை, மாருதி 800 என்ற பெயரில் நிஜமாகச் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். கோவை காருக்கு 31 ஆண்டுகள் கழித்து.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. அவர் பிடிவாதக்காரர். கல்லூரி விஷயத்தில் நடந்ததுபோல, ஒத்துவரவில்லை என்றால் விலகிவிடுவார். உள்ளே இருந்துகொண்டே மெல்ல மெல்ல மாற்றும் பொறுமை அவருக்குக் குறைவு.

வரி, அரசின் அலட்சியம் ஆகியவற்றின் மேல் அவருக்கு இருந்த கோபம் ஒரு கட்டத்தில் எல்லை தாண்டியது. தான் உருவாக்கிய பொருள்களையே மக்கள் முன்னால் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. அரசை அது அசைக்கவில்லை. உழைத்துச் செய்தவை போனதுதான் மிச்சம்.

ஆர்வம் ஒரே இடத்தில் நிற்காததும் ஒரு பிரச்னைதான். பஸ், மோட்டார், ரேசர், ரேடியோ, கார் என்று போய்க்கொண்டிருந்தவர் விவசாயத்திலும் இறங்கி, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடிகளை உருவாக்கினார். காலை 6 மணிக்கு அஸ்திவாரம் போட்டு, மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார். வெளிநாடுகளுக்குக் கேமராவோடு போய், 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். அதே ஆண்டு தேர்தலில் நின்று தோற்றார். ஒன்றையே பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். ஆனால் அப்படி இருந்திருந்தால் அவர் ஜி.டி. நாயுடுவாக இருந்திருக்க மாட்டார்.

இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் நாயுடு காலமானார். அதற்கு முன்பே, 1967-ல், பொதுமக்களும் மாணவர்களும் இயந்திரங்களை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள நிரந்தரத் தொழில் கண்காட்சிக்கு வழிசெய்துவிட்டுப் போனார்.

அவர் குடும்பத்தினர் 2015-ல் அவிநாசி சாலையில் ஜிடி கார் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். உலகின் முதல் கார்களில் ஒன்றான 1886-ம் ஆண்டு பென்ஸ் வண்டியின் மாதிரியில் ஆரம்பித்து, பல நாட்டுக் கார்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பாவின் அந்தச் சின்னஞ்சிறு கார்களையும் பார்க்கலாம். சில வண்டிகளை வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பழைய கார் மியூசியம் என்றால் வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக நிறுத்தியிருப்பார்கள். இங்கே கியரும் பிஸ்டனும் கண்ணுக்குத் தெரிகின்றன. நாயுடுவின் ஊரில் அது அப்படித்தான் இருக்கும்.

2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையிலான மேம்பாலம் அவர் பெயரில் திறக்கப்பட்டது. மாதவன் நடிப்பில் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வருகிறது. பெயர் இனி மறக்காது.

பெயரைத் தாண்டியும் ஒன்று மிச்சம் இருக்கிறது. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய், எங்குமே கிடைக்காத ஒரு உதிரிபாகத்தைக் காட்டினால், இல்லை என்ற பதில் அவ்வளவு சுலபத்தில் வராது. பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச் சொல்வார்கள்.